தேர்தலை நடத்தும் அதிகாரிக்கே ஒரு தேர்தல்: ஜார்ஜியா சொல்லும் பாடம்

இந்தியாவில் தேர்தலை நடத்துவது தேர்தல் ஆணையம். ஆணையர்களை யார் நியமிப்பது, அவர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற விவாதம் நம்மிடையே ஓயாமல் நடந்து வருகிறது. எப்படிப் பார்த்தாலும் அவர்கள் ஒரு கட்சியின் வேட்பாளராக நின்று, மக்களிடம் ஓட்டுக் கேட்டு அந்த நாற்காலிக்கு வருவதில்லை.

அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அப்படித்தான் நடக்கிறது. மாநிலத்தின் தலைமைத் தேர்தல் அதிகாரி ஒரு கட்சியின் வேட்பாளராகப் போட்டியிடுகிறார். ஜெயித்தால் அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு எல்லாக் கட்சிகளுக்குமான தேர்தலை அவரே மேற்பார்வையிடுகிறார். ஆட்டக்காரர்களில் ஒருவரையே நடுவராக நிறுத்துவது போன்ற இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது? எங்கே சறுக்குகிறது? இதைப் புரிந்துகொள்ள ஜார்ஜியா மாநிலத்தை விடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

யார் இந்த மாநிலச் செயலர்?

இந்தப் பதவிக்கு 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' என்று பெயர். மத்திய அரசில் இதே பெயரில் இருப்பவர் வெளியுறவு அமைச்சர். மாநிலத்தில் இருப்பவர் வேறு. நாம் இவரை மாநிலச் செயலர் என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுவோம்.

ஜார்ஜியாவில் நிறுவனங்களைப் பதிவு செய்வது, பல தொழில்களுக்கு உரிமம் வழங்குவது போன்ற அலுவலகப் பணிகளும் இவருடைய பொறுப்பில் வருகின்றன. தேர்தலைப் பொறுத்தவரை மாநிலம் முழுமைக்குமான வாக்காளர் பட்டியலைப் பராமரிப்பது, வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தேர்வு செய்வது, உள்ளூர் தேர்தல் அலுவலர்களுக்குப் பயிற்சி அளிப்பது, இறுதியில் மாநில அளவிலான முடிவுக்குச் சான்றளிப்பது ஆகியவை இவர் வேலை. 1993ஆம் ஆண்டின் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம், வாக்காளர் பதிவுக்குப் பொறுப்பான தலைமைத் தேர்தல் அதிகாரி ஒருவரை ஒவ்வொரு மாநிலமும் குறிப்பிட வேண்டும் என்கிறது. ஜார்ஜியாவில் அவர் இவர்தான்.

ஆனால் வாக்குச்சாவடியை நடத்துவதும் ஓட்டை எண்ணுவதும் இவரல்ல. அந்த மாநிலத்தில் 159 கவுண்டிகள் உள்ளன. நம் மாவட்டங்களைப் போன்ற இந்த அமைப்புகள்தாம் அந்த வேலையைச் செய்கின்றன. அதிகாரம் இப்படிப் பிரிந்து கிடப்பது முக்கியமான விஷயம். இதன் பலன் 2020இல் தெரிந்தது.

பெயரில் ஓர் எழுத்து மாறினால்

எண்ணிக்கையில்தான் மோசடி நடக்கும் என்று பலரும் நினைக்கிறோம். பெரும்பாலான சண்டைகள் அதற்கு வெகு முன்பாக, வாக்காளர் பட்டியலிலேயே தொடங்கிவிடுகின்றன.

2018இல் ஜார்ஜியா ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சி சார்பில் பிரையன் கெம்ப்பும், ஜனநாயகக் கட்சி சார்பில் ஸ்டேசி ஆப்ராம்ஸும் போட்டியிட்டார்கள். அப்போது மாநிலச் செயலர் யார்? அதே பிரையன் கெம்ப். தான் வேட்பாளராக நிற்கும் தேர்தலைத் தானே மேற்பார்வையிட்டார். பதவி விலக வேண்டும் என்ற கோரிக்கையை அவர் ஏற்கவில்லை. வாக்குப்பதிவு முடிந்து இரண்டு நாள் கழித்தே விலகினார். சுமார் 55,000 ஓட்டு வித்தியாசத்தில் ஆளுநரானார்.

அன்று பெரிதாகப் பேசப்பட்டது 'அச்சு அசல் பொருத்தம்' என்ற விதி. 2017இல் சட்டமான இந்த விதியின்படி, வாக்காளர் விண்ணப்பத்தில் உள்ள விவரம் ஓட்டுநர் உரிமப் பதிவிலோ சமூகப் பாதுகாப்புப் பதிவிலோ உள்ளதோடு அப்படியே பொருந்த வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும், பெயருக்கு நடுவே ஒரு சிறு கோடு விடுபட்டாலும் விண்ணப்பம் 'நிலுவை'க்குப் போய்விடும். 2018 தேர்தலுக்கு முன் இப்படி சுமார் 53,000 விண்ணப்பங்கள் நிலுவையில் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் கறுப்பின மக்களுடையவை என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. நிலுவையில் உள்ளவர்களும் அடையாள அட்டையைக் காட்டி ஓட்டுப் போடலாம் என்பது அரசின் பதில். ஆனால் கடிதம் வந்து குழம்பிய ஒருவர் வாக்குச்சாவடிக்கு வருவாரா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

நம் சமுதாயத்தினருக்கு இதன் வலி சொல்லாமலே விளங்கும். முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் இன்னொரு எழுத்து என்று அலைந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அரபு, ஆசிய, லத்தீன் அமெரிக்கப் பெயர்கள் கொண்டவர்கள் இப்படிப்பட்ட விதியில் எளிதாகச் சிக்கிக்கொள்வார்கள்.

புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களுக்கு இன்னொரு சிக்கல். அவர்களுடைய ஓட்டுநர் உரிமப் பதிவில் பழைய விவரமே இருந்ததால் 'குடிமகன் அல்லர்' என்று கணினி காட்டியது. தேர்தலுக்குச் சில நாள் முன்பு, 2018 நவம்பர் 2 அன்று, குடியுரிமைச் சான்றைக் காட்டினால் இவர்களை வாக்குச்சாவடியிலேயே ஓட்டளிக்க விட வேண்டும் என்று மத்திய நீதிமன்றம் ஒன்று உத்தரவிட்டது.

இந்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. 2019இல் சட்டமன்றமே இந்த விதியைத் தளர்த்தியது. மாநிலத்தின் நடைமுறைகளுக்கு எதிராக ஆப்ராம்ஸ் தொடங்கிய அமைப்பு போட்ட வழக்கில், அவை சட்டத்தை மீறவில்லை என்று 2022 செப்டம்பரில் நீதிபதி தீர்ப்பளித்தார். சட்டப்படி சரி என்றாலும், வேட்பாளரே தேர்தல் அதிகாரியாக இருந்தால் தோற்றவர்களின் மனதில் சந்தேகம் தீருமா? அந்தச் சந்தேகத்துக்கு எந்தத் தீர்ப்பும் மருந்தாகவில்லை.

11,779

கெம்ப் விட்டுச் சென்ற பதவிக்கு 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பிராட் ராஃபன்ஸ்பெர்கர். பொறியாளர், தொழிலதிபர், குடியரசுக் கட்சிக்காரர். அந்தத் தேர்தலில் யாருக்கும் 50 சதவீதம் கிடைக்காததால், டிசம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில் ஜனநாயகக் கட்சியின் ஜான் பாரோவை வென்றார்.

2020 அதிபர் தேர்தலில் இவர் டிரம்ப்பின் ஆதரவாளர். ஆனால் ஜார்ஜியாவில் ஜோ பைடன் முன்னிலை பெற்றார். மறு எண்ணிக்கைக்குப் பின் உறுதியான வித்தியாசம் 11,779 ஓட்டு.

இங்கே ஒரு தொழில்நுட்ப விவரத்தைக் கவனிக்க வேண்டும். 2002 முதல் ஜார்ஜியா பயன்படுத்திய இயந்திரங்களில் காகிதப் பதிவே கிடையாது. இயந்திரம் சொல்வதுதான் கணக்கு. 2019க்குப் பிறகு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய நீதிபதி ஒருவர் உத்தரவிட, 2020இல் காகிதச் சீட்டை அச்சிட்டுத் தரும் புதிய இயந்திரங்கள் வந்தன. அதனால்தான் தேர்தலுக்குப் பிறகு சுமார் 50 லட்சம் ஓட்டுகளையும் 159 கவுண்டிகளிலும் கையால் எண்ணிச் சரிபார்க்க முடிந்தது. அப்போது சில கவுண்டிகளில் எண்ணாமல் விடுபட்ட சீட்டுகள் கூடக் கண்டுபிடிக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டன. வித்தியாசம் சற்றுக் குறைந்தது, முடிவு மாறவில்லை. பின்னர் டிரம்ப் தரப்பு கேட்டபடி இயந்திரத்தில் மறு எண்ணிக்கை நடந்தது. அப்போதும் முடிவு மாறவில்லை.

அந்தத் தொலைபேசி அழைப்பு

2021 ஜனவரி 2. அதிபர் டிரம்ப் ராஃபன்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்தார். சுமார் ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. தனக்கு 11,780 ஓட்டுகளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்றார் டிரம்ப். அதாவது தோல்வியின் வித்தியாசத்தை விட ஒன்று அதிகம். உங்களிடம் உள்ள தகவல் தவறு என்று ராஃபன்ஸ்பெர்கர் பதில் சொன்னார். மறுநாளே அந்த ஒலிப்பதிவு வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் வெளியாகி உலகமே கேட்டது.

தன் கட்சியின் தலைவரே, அதுவும் நாட்டின் அதிபரே, கேட்டும் அவர் மறுத்தார். அவருக்கும் குடும்பத்தினருக்கும் மிரட்டல்கள் வந்தன. 2022 ஜூனில் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் அவர் இதைச் சாட்சியமாகச் சொன்னார்.

அவருடைய துணிவைப் பாராட்டும் அதே நேரத்தில் நாம் ஒன்றைக் கேட்க வேண்டும்: அந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால்? ராஃபன்ஸ்பெர்கர் விரும்பியிருந்தாலும் ஓட்டுகளை 'கண்டுபிடிப்பது' எளிதாக இருந்திருக்காது. எண்ணியவர்கள் கவுண்டி ஊழியர்கள். காகிதச் சீட்டுகள் பெட்டிகளில் பத்திரமாக இருந்தன. மூன்று முறை எண்ணியாகிவிட்டது. ஆனாலும் சான்றளிக்க மறுத்தோ, முடிவில் குழப்பம் இருப்பதாக அறிவித்தோ பெரும் நெருக்கடியை அவர் உண்டாக்கியிருக்க முடியும். 2022 தேர்தலில் பேசப்பட்டது இந்த ஆபத்துதான்.

2022: மக்கள் தீர்ப்பு

பொதுவாக அமெரிக்கர்கள் இந்தப் பதவிக்கான தேர்தலைக் கண்டுகொள்வதே இல்லை. வாக்குச்சீட்டில் ஆளுநருக்குக் கீழே எங்கோ இருக்கும் ஒரு பெயர். 2022இல் நிலைமை மாறியது.

முதல் சோதனை சொந்தக் கட்சிக்குள். 2020 முடிவை எதிர்த்த நாடாளுமன்ற உறுப்பினர் ஜோடி ஹைஸ், டிரம்ப்பின் ஆதரவோடு ராஃபன்ஸ்பெர்கருக்கு எதிராக நின்றார். மே 24 அன்று நடந்த உட்கட்சித் தேர்தலில் ராஃபன்ஸ்பெர்கர் சுமார் 52 சதவீதம் பெற்று, இரண்டாம் சுற்று தேவைப்படாமலே வென்றார். ஹைஸுக்குக் கிடைத்தது சுமார் 33 சதவீதம். ஜார்ஜியாவில் வாக்காளர்கள் கட்சிவாரியாகப் பதிவு செய்வதில்லை. உட்கட்சித் தேர்தலில் எந்தக் கட்சியின் சீட்டையும் கேட்டு வாங்கலாம். எனவே ஜனநாயகக் கட்சிக்கு வழக்கமாக வாக்களிக்கும் சிலரும் இவருக்காகக் குடியரசுக் கட்சியின் சீட்டை வாங்கினார்கள்.

நவம்பர் 8 பொதுத்தேர்தலில் எதிரே நின்றவர் ஜனநாயகக் கட்சியின் பீ நுயென். வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்த பெற்றோரின் மகள்; ஜார்ஜியா சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் வியட்நாமிய அமெரிக்கர். ஒருவர் டிரம்ப்புக்குப் பணியாததாலேயே அவரை வாக்குரிமைக் காவலர் என்று சொல்லிவிட முடியாது என்பது அவர் தரப்பின் வாதம். 2021 மார்ச்சில் நிறைவேறிய கடுமையான தேர்தல் சட்டத்தை ராஃபன்ஸ்பெர்கர் ஆதரித்ததை அவர் சுட்டிக்காட்டினார். முடிவில் ராஃபன்ஸ்பெர்கர் சுமார் 53 சதவீதம், நுயென் சுமார் 44 சதவீதம்.

அதே நாளில் ஜார்ஜியா சட்டமன்றத்தின் இரு அவைகளுக்கும் முதன்முறையாக முஸ்லிம் பெண்கள் தேர்வானார்கள். மேலவைக்கு நபீலா இஸ்லாம், கீழவைக்கு ருவா ரொம்மான். பட்டியலில் பெயர் இருந்து, ஓட்டு ஒழுங்காக எண்ணப்பட்டால் சிறுபான்மையினரும் அவைக்குள் போகலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

அரிசோனா, மிச்சிகன், நெவாடா ஆகிய மாநிலங்களிலும் அன்று இதே பதவிக்கு 2020 முடிவை மறுத்தவர்கள் நின்றார்கள். மூவரும் தோற்றார்கள்.

ஒரு சனிக்கிழமை வழக்கு

நுயெனின் விமர்சனம் வெறும் பிரசாரம் அல்ல என்பது சில நாட்களிலேயே தெரிந்தது. டிசம்பர் 6 அன்று மத்திய செனட் இடத்துக்கு இரண்டாம் சுற்று நடக்க இருந்தது. அதற்கு முன்னதாக, நவம்பர் 26 சனிக்கிழமை, முன்கூட்டியே ஓட்டளிக்க அனுமதிக்கலாமா என்ற கேள்வி வந்தது. விடுமுறையை ஒட்டிய நாள் என்பதால் சட்டம் அனுமதிக்கவில்லை என்றது மாநிலச் செயலர் அலுவலகம். வார நாட்களில் வேலைக்குப் போகும் மக்களுக்குச் சனிக்கிழமை ஒரு பெரிய வசதி. விவகாரம் நீதிமன்றம் போனது. ஓட்டளிக்கலாம் என்று தீர்ப்பு வந்தது.

அதிபருக்குத் தலைவணங்காத அதே அலுவலகம்தான் இதையும் செய்தது. தனிமனிதரை நம்பி வாக்குரிமையை ஒப்படைக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

சரி, கட்சிக்காரரிடமிருந்து அதிகாரத்தைப் பறித்துவிட்டால் போதுமா? அதுவும் நடந்தது. 2021ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், மாநிலத் தேர்தல் வாரியத்தின் தலைவர் பொறுப்பிலிருந்து மாநிலச் செயலரை நீக்கியது. பிறகு 2024இல் அதே வாரியம், வாக்குப்பதிவு நெருங்கும் நேரத்தில் கையால் எண்ணுவது உள்ளிட்ட புதிய விதிகளைக் கொண்டுவந்து குழப்பம் ஏற்படுத்தியது. அக்டோபரில் நீதிமன்றம் அவற்றைத் தடுத்தது. முடிவுக்குச் சான்றளிப்பது கவுண்டி அதிகாரிகளின் கட்டாயக் கடமை, விருப்பம் அல்ல என்றும் இன்னொரு நீதிபதி தெளிவுபடுத்தினார். நியமனம் என்றாலே நடுநிலை என்று பொருளில்லை.

புளோரிடாவின் அனுபவமும் இதுதான். 2000ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் 537 ஓட்டு வித்தியாசத்துக்குச் சான்றளித்த மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ், புஷ்ஷின் மாநிலப் பிரசாரக் குழுவிலும் இணைத் தலைவராக இருந்தவர். இன்று அங்கு இப்பதவிக்குத் தேர்தல் இல்லை, ஆளுநரே நியமிக்கிறார். ஆளுநரும் கட்சிக்காரர்தானே!

நாம் கவனிக்க வேண்டியது

ஜார்ஜியாவில் 2020இல் முடிவைக் காப்பாற்றியவை: கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய காகிதச் சீட்டு, 159 இடங்களில் பிரிந்திருந்த அதிகாரம், எல்லோர் முன்னிலையிலும் நடந்த மறு எண்ணிக்கை, கதவைத் திறந்து வைத்திருந்த நீதிமன்றம். இவற்றோடு, இல்லை என்று சொல்லத் தெரிந்த ஓர் அதிகாரி. நல்ல அதிகாரி எப்போதும் கிடைப்பார் என்ற உறுதி கிடையாது. மற்ற நான்கும் இருந்தால்தான், மோசமானவர் வந்தாலும் ஓட்டு தப்பிக்கும்.

இந்தப் பதவிக்கான தேர்தல் ஜார்ஜியாவில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது. 2022க்கு அடுத்தது 2026. வாக்குச்சீட்டின் மேல் வரிசையில் உள்ள பெரிய பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டாம் என்பதே அங்குள்ள நம் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் நாம் சொல்வது.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஓட்டு என்பது ஒரு அமானிதம் என்று சொல்கிறோம். தேர்தல் நாளில் மட்டும் அதைப் பேசினால் போதாது. வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா, எழுத்து சரியாக இருக்கிறதா என்று தேர்தல் இல்லாத காலத்தில் பார்த்துவிட வேண்டும். வீட்டுப் பெரியவர்களுடைய பெயரையும், புதிதாக 18 வயது நிரம்பிய பிள்ளைகளுடைய பெயரையும் சேர்த்தே பார்ப்போம்.