அகமதாபாத் ஒலிநாடாக்கள்: ஐம்பது ஆண்டு தாமதித்த ஓர் இசைத்தொகுப்பு

2023இல் வெளியான 'தி என்ஐடி டேப்ஸ்' இசைத்தொகுப்பை இப்போது பலரும் 'காலத்தை முந்தியது' என்று புகழ்கின்றனர். அந்தச் சொற்றொடரில் எனக்கு உடன்பாடில்லை.

தொகுப்பிலுள்ள படைப்புகள் 1969க்கும் 1972க்கும் இடையில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பதிவானவை. 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அங்கு வந்து மூக் சின்தசைசரை நிறுவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் பணியாற்றினர். அன்றைய மூக்கிற்கு நினைவகம் கிடையாது. கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகியே ஒலியை உருவாக்க வேண்டும்; கம்பியைப் பிடுங்கினால் அந்த அமைப்பும் போயிற்று. ஆகவே எஞ்சிய சான்று ஒலிநாடா மட்டுமே. பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்காஸ் நிறுவன ஆவணக் காப்பகத்தில் 27 நாடாச் சுருள்களைக் கண்டெடுத்திராவிட்டால், இந்த இசையைப் பற்றிப் பேச நம்மிடம் எதுவுமே இருந்திராது.

'முந்தியது' என்போர், பிரையன் ஈனோ 1978இல் 'ஆம்பியன்ட்' என்று பெயரிட்ட சூழலிசையை மனத்தில் வைத்தே இந்நாடாக்களைக் கேட்கின்றனர். வரலாறு வேறு திசையில் செல்கிறது. பக்கவாஜ் வாசிக்கக் கற்ற கீதா சாராபாய் 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜைச் சந்தித்தார். அவரிடம் மேற்கத்திய இசை பயின்றார். அவருக்கு இந்திய இசையைக் கற்பித்தார். மனத்தை அமைதிப்படுத்துவதே இசையின் நோக்கம் என்று தம் குரு கூறியதைக் கேஜிடம் சொன்னவரும் அவரே. கேஜின் சிந்தனையில் அது நிலைத்தது. அவருடைய எழுத்துகள் பின்னர் ஈனோவைப் பாதித்தன. 1952இல் கேஜின் மௌனப் படைப்பை முதன்முதலில் மேடையேற்றியவர், பின்னாளில் அகமதாபாத்துக்கு மூக்குடன் வந்த அதே டியூடர்தான். ஆக, நாம் 'பிற்காலத்தது' என்று கருதும் மரபின் ஊற்றிலேயே சாராபாய் இருக்கிறார். முன்னோடி என்ற பட்டம் அவரைத் தனித்து நிறுத்தி, இந்த உரையாடலை மறைத்துவிடுகிறது.

அக்காலத்தின் முத்திரையும் நாடாக்களில் தெளிவாகவே உள்ளது. 1970ஆம் ஆண்டு ஒசாகா உலகக் கண்காட்சிக்காக அதுல் தேசாய் செய்த பதிவுகள் தொகுப்பில் உள்ளன. புதிய குடியரசு உலகின்முன் தன்னை நவீனமாகக் காட்டிக்கொள்ள விழைந்த ஆண்டுகள் அவை. விடுதலைக்குப் பிந்தைய வடிவமைப்புக் கல்வி, சாராபாய் குடும்பத்தின் தொடர்புகள், அமெரிக்கக் கருவி ஆகியவற்றை விலக்கிவிட்டு இந்த இசையை விளக்க இயலாது.

வரவேற்பின் வரலாறு இன்னும் சங்கடமானது. 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்த இசைத்தட்டும் 2010இல் மறுவெளியீடு கண்ட பின்னரே உலகப் புகழ் பெற்றது. அதை மீட்டவர் டச்சுக்காரர். இதை மீட்டவர் பிரிட்டிஷ்காரர். இரு தடவையும் பாராட்டு வெளியிலிருந்து வந்தது. நாம் அதன் மொழியையே திருப்பிச் சொல்கிறோம். அகமதாபாத் நாடாக்களோ அத்தனை ஆண்டுகளும் நம் நிறுவனமொன்றின் அலமாரியில்தான் இருந்தன.