நெல்லாய் அளந்த உதவித்தொகை

திருவெண்ணெய்நல்லூர் என்றதும் கம்பரைத் தாங்கிய சடையப்ப வள்ளல்தான் நினைவுக்கு வருகிறார். ஆனால் ஒரு வள்ளலின் மனத்தை நம்பிய அந்த ஆதரவைவிட, அதே விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டு சொல்லும் ஏற்பாடே இன்றைய கல்லூரி உதவித்தொகைக்கு நெருங்கிய மூதாதை. முதலாம் இராசேந்திரன் காலத்தில் அங்கிருந்த வேதக் கல்லூரியில் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். ரிக், யசுர் வேதங்களுக்குத் தலா 75 இடம், அதர்வணத்துக்கு 10 என்று முன்கூட்டியே வகுத்திருந்தார்கள். இளையோருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் படித்த மூத்தோர் 70 பேருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது 10 நாழி. படிப்பு ஏற ஏறப் படியும் ஏறியது.

தகுதிக்குத்தானே கொடுத்தார்கள் என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அந்தத் தகுதி வேதம் ஓத உரிமை பெற்றவர்களுக்குள் மட்டுமே அளக்கப்பட்டது. யார் போட்டியிடலாம் என்ற விதியே பாதித் தேர்வை முடித்துவிட்டது. மாணவர் கலத்தில் விழுந்த நெல்லை விளைவித்த உழவர் வீட்டுப் பிள்ளை அந்த 340 பேரில் ஒருவனாக வர வழியே இல்லை.