கடையும் கட்டிலும்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுத் திரும்பினால் ஒரகடம், அதைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர். கார், டயர், கண்ணாடி, மின்னணுப் பொருள் என்று கால் நூற்றாண்டில் எழும்பிய ஆலைகளின் பாதை இது. பாதை தொடங்கும் செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்பகுதியில், மதுராந்தகத்தை அடுத்த சித்தாமூர் வட்டாரத்தில், 2023 மே மாதம் விஷச் சாராயம் குடித்தவர்கள் செத்தார்கள். விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்தில் இறந்தவர்களையும் சேர்த்தால் இருபதுக்கு மேல். ஆலைகளுக்கான மெத்தனால்தான் கைமாறி அவர்கள் வயிற்றுக்குப் போயிருக்கிறது. அடுத்த மாதம், ஏற்கெனவே அறிவித்திருந்தபடி, அரசு 500 டாஸ்மாக் மதுக்கடைகளை மூடியது. போதாது என்றது ஒரு தரப்பு. மூடினால் கள்ளச்சாராயம்தான் பெருகும் என்றது மறு தரப்பு. இரு தரப்பும் எண்ணியது கடைகளை. தமிழ்நாட்டில் குடியின் வரலாறே ஏறக்குறைய இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. குடியை விட முடியாதவனுக்கு எங்கே கட்டில் போட்டோம் என்ற இன்னொரு வரலாறு இருக்கிறது. வயதில் மிகச் சிறியது, ஆனால் பயனில் பெரியது என்பது என் கட்சி.

முதல் வரலாறு எல்லோருக்கும் ஓரளவு தெரியும். ராஜாஜி 1929-இல் கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' பத்திரிகை நடத்தினார். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள், சாராய வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரி வந்தது. இன்று நாம் ஒவ்வொரு பில்லிலும் கட்டும் வரிக்கு முன்னோடி அதுதான் என்பது பலருக்கு நினைவில்லை. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-இல் கருணாநிதி திறந்தார், 1973-74-இல் அவரே மூடினார், 1981-இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983-இல் டாஸ்மாக் பிறந்தது, 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24-இல் அதன் வழியாக அரசுக்குக் கிடைத்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். மதுவிலக்குக் காலத்தில் உடல்நிலையைக் காட்டி 'பெர்மிட்' வாங்கிக் குடிக்கவும் வழி இருந்தது. குடிப்பவனுக்கும் மருத்துவருக்கும் சட்டம் ஏற்படுத்திய உறவு, குடிக்க அனுமதிச் சீட்டு எழுதித் தருகிற உறவு!

கடையை மூடியது வீண் என்று நான் சொல்லவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் சரக்கு இல்லையென்றால் புதிதாகப் பழகுபவர்கள் குறைவார்கள், கூலி வீடு வந்து சேரும். மதுவிலக்குக்காரர்களின் இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் டம்ளரைப் பிடிக்க முடிகிறவன் வேறு கட்டத்துக்குப் போய்விட்டவன். அவன் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பிறகு இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியலாம், மருந்தில்லாமல் விட்டால் உயிரே போகலாம். நரம்பை அமைதிப்படுத்தும் மருந்தை அளவாகக் கொடுத்துக் குறைத்து, தயமின் ஊசி போட்டு, பக்கத்தில் ஆள் இருந்து பார்க்க வேண்டிய நிலை அது. கடையைப் பூட்டும் ஆணையில் இதற்கு இடமில்லை. பூட்டிய கடையிலிருந்து அவன் நேராகக் கள்ளச்சாராயக்காரனிடம் போவான்.

இரண்டாவது வரலாறு ஒரு வீட்டுத் துக்கத்தில் தொடங்குகிறது. டி.டி.கே. தொழில் குடும்பத்து இளைஞர் டி.டி.ரங்கநாதன் 1979-இல் குடிநோயால் இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவின் ஹேசல்டன் மையத்தில் பயிற்சி பெற்று, 1980-இல் சென்னையில் கணவர் பெயரில் சிகிச்சை அறக்கட்டளை தொடங்கினார். விஷம் இறக்கும் சிகிச்சைக்குப் பிறகு வாரக்கணக்கில் ஆலோசனை, குடும்பத்தாருக்கும் தனி வகுப்பு, வீடு திரும்பிய பின்னும் விடாத தொடர்பு என்பது அதன் முறை. இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது 1989-இல் அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியில் நடந்தது. நோயாளி சென்னைக்கு வரமாட்டான் என்று தெரிந்து, மருத்துவமே கிராமத்துக்குப் போனது. ஊராரின் ஒத்துழைப்போடு 15 நாள் முகாம். பிறகு அதே ஊரில் தொடர் கவனிப்பு. திரும்பவும் குடித்துவிட்டவனை ஊர் கைவிடாமல் இருப்பதுதான் இதில் பாதி வைத்தியம்.

இதற்கு வழக்கமாக எழும் மறுப்பு: குடியை நோய் என்று சொல்லிவிட்டால், பெண்டாட்டியை அடித்தவனுக்கும் பிள்ளையின் ஃபீஸைக் குடித்தவனுக்கும் நல்ல சாக்காகிவிடாதா? சர்க்கரை வியாதிக்காரனிடம் நாம் மாத்திரையையும் கேட்கிறோம், வாய்க்கட்டையும் கேட்கிறோம். நோய் என்ற சொல் யாரையும் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. அடித்ததற்குச் சட்டம் இருக்கிறது. குடும்ப வகுப்பில் மனைவிக்குச் சொல்லித் தருவதும் அதுதான்: அவனுடைய கடனை நீ அடைக்காதே, கம்பெனிக்குப் போன் போட்டு 'காய்ச்சல்' என்று பொய் சொல்லாதே. திட்டுவதைவிட இது அவனுக்கு அதிகம் உறைக்கும்.

பலமான மறுப்பு காசும் நேரமும் பற்றியது. 2019-இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார். ஒரகடம் பாதையில் ஷிப்டுக்கு ஓடும் காண்ட்ராக்ட் தொழிலாளி ஒரு மாதம் படுத்தால் அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அறைக்கு ஆறேழு பேராகத் தங்குகிறவனுக்குக் கூட வந்து உட்கார மனைவியும் ஊரும் இங்கே இல்லை. மஞ்சக்குடி முறையை அப்படியே பெயர்த்து நட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மஞ்சக்குடியின் விதை, மருத்துவம் ஆளைத் தேடிப் போவது. அதை நட இங்கே நிலம் இருக்கிறது. தகுதியுள்ள தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீடு நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு தருகிறது. அதற்காகக் காண்ட்ராக்டர் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் சந்தாவைக் குடிநோய்ச் சிகிச்சைக்கும் தயங்காமல் பயன்படுத்தச் செய்வதும், ஷிப்டு நேரத்துக்கு ஏற்ற வெளிநோயாளிப் பிரிவை ஒரகடம் பக்கமே இந்தியும் ஒடியாவும் பேசும் ஆலோசகரோடு திறப்பதும் 45,000 கோடி ஈட்டும் அரசுக்குப் பெரிய செலவில்லை. அந்த வருமானத்தில் எத்தனை கட்டில் போட்டீர்கள் என்று சட்டமன்றத்தில் கேட்பவர்கள், எத்தனை கடை என்று கேட்பவர்களைவிட இன்னும் மிகக் குறைவு.