புரியாத பாஷை!

ஆடி மாதம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். காலையில் பாவு போட்ட தெருவில், மாலையில் கூழ் வார்ப்பு. உடுக்கைச் சத்தம் உச்சத்துக்குப் போனதும், தறிக்காரர் வீட்டு அம்மாள் ஒருவர் தலைவிரிகோலமாக ஆட ஆரம்பித்தார். வாயிலிருந்து கொட்டியது எதுவும் வார்த்தையே இல்லை. 'அவங்களுக்குப் பைத்தியமா?' என்று கேட்ட எனக்குப் பாட்டியிடம் குட்டு விழுந்தது. வயசு எட்டு!

பெந்தெகொஸ்தே சபைகளிலும் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு. 'அந்நிய பாஷை' என்பார்கள். பரிசுத்த ஆவி தரும் வரம் என்பது அவர்கள் நம்பிக்கை. 1906-ல் லாஸ் ஏஞ்சலீஸின் அசூசா தெருக் கூட்டங்களிலிருந்துதான் இது உலகமெங்கும் பரவியது என்பார்கள். ஆனால், 46 வருஷம் முன்பே அந்தச் சத்தம் தமிழ்நாட்டில் கேட்டது தெரியுமா?

வத்திராயிருப்பு பக்கம் கிறிஸ்டியான்பேட்டை. 1840-ல் அதை உருவாக்கியவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழர். 1860-ல் அங்கே ஜெபத்தின்போது ஜனங்கள் அழுதார்கள், நடுங்கினார்கள். சிலர் புரியாத பாஷை பேசினார்கள். அதற்கு அர்த்தமும் சொல்லப்பட்டது. அருளப்பன் இதையெல்லாம் டைரியில் எழுதிவைத்தார்.

சரி, உளவியல் என்ன சொல்கிறது? ஆரம்பத்தில் பல நிபுணர்கள் 'இது மனக்கோளாறு' என்று முத்திரை குத்தினார்கள் (எட்டு வயசில் நான் குத்தியது மாதிரியே!). பிறகுதான் நிதானமாக ஆராய்ந்தார்கள். மொழியியல் அறிஞர் வில்லியம் சமரின், 1972-ல் வெளிவந்த தன் புத்தகத்தில், 'பேசுகிறவருக்குத் தெரிந்த மொழிகளின் ஒலிகள்தான் புரண்டு வருகின்றன. ராகம் இருக்கிறது, இலக்கணம் இல்லை' என்ற முடிவுக்கு வந்தார். 1986-ல் கனடாவில் நிக்கோலஸ் ஸ்பானோஸ் குழு 60 பேரை வைத்துச் சோதித்தது. பயிற்சி கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு அது சரளமாக வந்துவிட்டது!

அப்படியென்றால் நடிப்பா? அதுவும் இல்லை. 2006-ல் அமெரிக்க டாக்டர் ஆண்ட்ரூ நியூபெர்க், அந்நிய பாஷை பேசும் ஐந்து பெண்களின் மூளையை ஸ்கேன் செய்தார். பேச்சையும் செயலையும் கட்டுப்படுத்துகிற முன்பகுதியில் இயக்கம் குறைந்திருந்தது. 'நான் பேசலை, பேசவைக்கப்படறேன்' என்று அவர்கள் சொல்வது பொய் இல்லை!

இதில் நாம் செய்யக்கூடிய தப்பு இரண்டு. கும்பிடுகிறவரைப் பைத்தியம் என்பது ஒன்று. நிஜமாகவே மனநோயில் தவிப்பவரை 'பேய் பிடிச்சிருக்கு' என்று கட்டிப்போடுவது இன்னொன்று. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்ட 28 பேர் தீயில் கருகினார்களே, மறக்க முடியுமா?

வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? உடுக்கை நின்றால் ஆட்டமும் நிற்கிறதா, மறுநாள் பிழைப்பு வழக்கம்போல் ஓடுகிறதா என்று பாருங்கள். தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் கெட்டு, அந்தக் குரல் நாள்கணக்கில் துரத்தினால், டாக்டரிடம் அழைத்துப்போங்கள்.

எங்கள் தெரு அம்மாள்? மறுநாள் காலை, சாவகாசமாகத் திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். 'என்னடா அப்படிப் பார்க்கறே?' என்று சிரித்தார். தெளிவான தமிழில்!