பாய் தேர்ந்த வணிகர்

மலாக்கா ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்து ஒரு பெரிய மரக்கப்பல் நிற்கிறது. 1511-ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய அல்புகர்க்கின் ‘புளோர் டி லா மார்’ என்னும் போர்த்துக்கீசியக் கப்பலின் மாதிரி அது. 1994-ஆம் ஆண்டு முதல் கடல்சார் அரும்பொருளகமாக இருந்து வருகிறது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் தோட்டத் தமிழ்ப்பள்ளி மாணவர் நகரத்துக்குச் சுற்றுலா வரும்போது பார்த்துச் செல்லும் இடங்களுள் அதுவும் ஒன்று. அதன் பாய்மரங்களை அண்ணாந்து பார்க்கும் மாணவன், ‘இந்தப் பாயைக் கட்டிக்கொண்டுதான் நம் முன்னோரும் வந்தார்களா?’ என்று கேட்பானாயின், ஆசிரியர் கூறும் விடை யாது? ‘ஆம்’ என்றால் அது பிழை. ‘இல்லை’ என்றால், ‘வேறு எந்தப் பாய்?’ என்ற வினா உடனே எழும்.

தமிழர் கடலோடிய பெருமை மேடைதோறும் பேசப்படுவதுண்டு. இராசேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பை அறியாத தமிழாசிரியர் இலர். ஆயினும் கப்பலை நகர்த்திய பாயைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் அரியர். வில்லைச் சொல்லி நாணைச் சொல்லாமல் விடுவது போன்றது இது. மலாக்காவின் வரலாற்றிலோ பாய் சிறு பொருளன்று. எந்தக் கப்பல் எந்தப் பாயை விரித்தது, அப்பாய் எந்தக் காற்றுக்கு உதவிற்று, எந்தக் காற்றுக்கு உதவாமற்போயிற்று என்பவற்றைக் கொண்டே மலாக்காத் தமிழரின் முதற் குடியேற்றத்தை விளங்கிக்கொள்ள இயலும்.

முதலில் சொற்களை நோக்குவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. சங்கப் பாடல்களில் பாய்க்கு ‘இதை’ என்றொரு பெயர் உண்டு. பாய்மரத்துக்குக் ‘கூம்பு’ என்று பெயர். புறநானூற்றின் 30-ஆம் பாட்டு, கூம்பையும் மேற்பாயையும் இறக்காமலே பெருங்கலம் புகார்த் துறைக்குள் நுழைந்ததைச் சொல்கிறது. துறையின் ஆழத்தைக் காட்டப் புலவர் பாயையே சான்றாக எடுத்தது கருதத்தக்கது. இன்று ‘இதை’ என்னும் சொல் அகராதியில் மட்டும் வாழ்கிறது. ‘மாலுமி’, ‘சுக்கான்’ என்பவை அரபியிலிருந்து வந்து தமிழ்ச் சொற்களைப் போலவே வழங்குகின்றன. மறுபுறம், தமிழின் ‘கப்பல்’ மலாய்க்குச் சென்று ‘காப்பால்’ ஆயிற்று. மாலுமி என்பதன் உடன்பிறப்பான ‘மாலிம்’ என்ற சொல்லை மலாக்காக் கடற்சட்டமாகிய ‘உண்டாங் உண்டாங் லாவுட்’ ஆள்கிறது. ஒரு துறைமுகத்துச் சொற்கள் இவ்வாறு கலந்திருக்குமாயின், அங்கே பாய்களும் கலந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

பதினைந்தாம் நூற்றாண்டின் மலாக்காத் துறையில் நின்றவனுக்குப் பலவகைப் பாய்கள் ஒருங்கே காட்சி தந்தன. மிகப் பழையது, பாய்மரத்துக்குக் குறுக்கே நேராகத் தொங்கும் நாற்கோணப் பாய். இரு பாய்மரக் கப்பல் பொறித்த சாதவாகனர் காசுகள் சோழமண்டலக் கரையிலும் கிடைத்துள்ளன. அஜந்தாவின் 2-ஆம் குகை ஓவியக் கப்பலில் உயர்ந்த மூன்று பாய்கள் தெரிகின்றன. பின்னாலிருந்து காற்று வீசும்போது இத்தகைய நேர்பாய்க்கு நிகரில்லை. கப்பல் ஆடாமல் ஓடும். பணியாளுக்கும் வேலை குறைவு. பக்கக் காற்றில் அதன் வலிமை குன்றும். எதிர்க்காற்றில் சுமையாகவே ஆகிவிடும்.

அரபு நாட்டாரும் குசராத்தியரும் கொண்டுவந்தது நீண்ட பருமலில் சாய்வாகக் கட்டும் முக்கோணப் பாய். அதன் முன்முனை சற்றே வெட்டப்பட்டிருப்பதும் உண்டு. பிற்காலத் தூத்துக்குடித் தோணிகள் விரித்ததும் இவ்வினத்துப் பாயே. காற்று வரும் திசைக்கு நேர்பாயைவிட நெருங்கி ஓட இது உதவும். ஆனால் அதற்கு விலை உண்டு. பருமல் மிக நீளமானது. அதைத் தூக்கவும் இறக்கவும் பலர் வேண்டும். பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றப் பருமல் முழுவதையும் பாய்மரத்துக்கு முன்புறமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் மாலுமிகள் பெரும்பாலும் கப்பலின் பின்புறத்தைக் காற்றுக்குக் காட்டியே திருப்புவர். பாயைச் சுருக்கிச் சிறிதாக்குவதும் எளிதன்று. ஆகவே மென்காற்றுக்குப் பெரிய பாய், வன்காற்றுக்கும் இரவுக்கும் சிறிய பாய் என ஒன்றுக்கு மேற்பட்ட பாய்களைக் கப்பலிலேயே எடுத்துச் சென்றனர். காற்றறிந்து பாய் மாற்றுதல் இவர்களுக்கு நாள்தோறும் நிகழும் தொழில்.

மலாய்த் தீவுகளின் பாய் வேறு வகையது. நீண்ட சாய்சதுரம் போன்ற அதன் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் கழிகள் உண்டு. சாவகத்துப் போரோபுதூரின் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுச் சிற்பங்களில் இதனைக் காணலாம். இதனை ‘தஞ்சா’ என்பர். தஞ்சாவூரோடு இதற்கு உறவில்லை, ஒலியொற்றுமையை நம்பி எவரும் கட்டுரை தொடங்கிவிட வேண்டா. முழுப்பாயையும் முன்னோ பின்னோ சாய்த்துக் கப்பலின் போக்கைச் சீர்செய்யலாம். கீழ்க்கழியில் சுருட்டிப் பரப்பைக் குறைக்கலாம். துணிக்குப் பதில் தாழை இனத்து ஓலையையும் பனையினத்து நாரையும் பின்னி இதனைச் செய்தனர். பின்னலின் வழியே காற்றுக் கசியும். விரைவில் நைந்தும் போகும். ஆயினும் கரையில் எங்கும் மலிவாகக் கிடைக்கும்.

சீனரின் பாயிலோ மூங்கிற் சட்டங்கள் குறுக்கே வரிசையாகப் பொருந்தியிருக்கும். புயல் வந்தால் கயிற்றைத் தளர்த்தினால் போதும். சட்டம் சட்டமாகப் பாய் மடிந்து இறங்கும். மேலே ஏறுவதற்கு ஆள் தேவையில்லை. கிழிந்தாலும் கிழிசல் ஒரு சட்டத்துக்குள் நின்றுவிடும். நான்கனுள் அறிவு நுட்பத்தால் சிறந்தது இதுவே எனல் மிகையாகாது.

இந்த ஒப்பீட்டில் கடலின் இயல்பையும் சேர்த்து எண்ண வேண்டும். வங்கக்கடலில் காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறும். தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே வந்த கலம், வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்பும். சோழமண்டலக் கரையில் ஐப்பசி, கார்த்திகைப் புயல்களுக்கு அஞ்சிக் கப்பல்கள் துறையில் நிற்பதையே தவிர்த்தன. பரந்த கடலில், சரக்கேற்றிய பெருங்கலத்தை மாதக்கணக்கில் வீசும் பருவக்காற்றுக்கு எதிரே செலுத்துவதில் எந்தப் பாயாலும் பயனில்லை. சீனத்தின் செங் ஹோ தளபதியுடன் சென்ற மா ஹுவான், அவருடைய பெருங்கப்பல்கள் மலாக்காவில் கூடித் தென்காற்றுக்காகக் காத்திருந்ததை எழுதியிருக்கிறார். சட்டப்பாய் கட்டியவரும் காத்திருந்தனர் என்பதே இதன் பொருள்.

மலாக்கா நீரிணையின் இயல்போ முற்றிலும் வேறு. சுமாத்திராவின் மலைகள் பருவக்காற்றின் வேகத்தைத் தடுப்பதால் இங்கே காற்று மெல்லியது. நாளுக்குள்ளேயே நிலக்காற்றும் கடற்காற்றுமாக மாறக்கூடியது. சில வேளைகளில் நள்ளிரவுக்குப் பின்னோ விடியற்காலையிலோ மேற்கிலிருந்து ‘சுமாத்திரா’ என்று பெயர்பெற்ற சூறை எழும். மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்திலும் அதற்கு மேலும் அடித்து, ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மென்காற்றுக்குப் பெரும் பரப்பும், சூறை கண்டதும் விரைந்து சுருங்கும் வசதியும் இங்கே ஒருசேர வேண்டும். சுருட்டும் மலாய்ப் பாயும் மடியும் சீனப் பாயும் இவ்விடத்தில் வென்றன. கனத்த பருமலும் நேர்பாயும் பின்தங்கின.

இந்நிலையில் தமிழ் வணிகர் எதைத் தேர்ந்தனர்? போர்த்துக்கீசிய ஏடுகள் ‘நீனா சாட்டு’ என எழுதும் வணிகரின் செயல் இதற்கு நல்ல விடை. சோழமண்டல வணிகர் குழுவின் முதல்வரான அவர், 1509-இல் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு உதவியவர். 1511-க்குப்பின் அல்புகர்க்கால் பெண்டஹாராவாக அமர்த்தப்பட்டவர். 1514-இல் அப்பதவி பறிபோனபோது உயிர் துறந்தவர். 1512, 1513 ஆண்டுகளில் அவர் போர்த்துக்கீசியரோடு பங்குசேர்ந்து பெகு நாட்டு மார்த்தபானுக்கும் தமிழகத்துப் பலவேற்காட்டுக்கும் சீனத்துக்கும் கப்பல் விட்டார். அவர் அனுப்பியவை சோழமண்டலத்துப் படவுகள் அல்ல. தென்கிழக்காசிய மரபில் கட்டிய ‘ஜோங்’ என்னும் பெருங்கலங்கள். அவற்றின் பாய் பின்னல் பாய். தாயகத்தில் நெய்த துணியை விற்றுப் பொருளீட்டியவர், தம் கப்பலுக்கு ஓலைப்பாயையே ஏற்றார். காரணம் ஊகிக்கத் தக்கதே. தேக்கு மரம் பெகுவில் கிடைத்தது. பாயைப் பின்னும் கைகளும் பழகிய மாலுமிகளும் மலாக்காவில் இருந்தனர். நைந்த பாயை வழியில் எத்துறையிலும் மாற்றிக்கொள்ளலாம். தன் நாட்டுப் பாய் என்பதற்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பது வணிகனுக்கு அழகன்று. தமிழரின் கடல் திறத்தை, ‘இந்தப் பாயைக் கண்டுபிடித்தவர் தமிழரே’ என்று நிலைநாட்டிக் காட்ட முயல்வோர் இந்தத் தேர்வை மறந்துவிடுகின்றனர்.

பாயால் வெல்ல முடியாத பருவக்காற்று மற்றொரு விளைவையும் உண்டாக்கிற்று; அது காத்திருப்பு. மேற்கிலிருந்து வந்தவர் திரும்புங் காற்று வரும்வரை மாதக்கணக்கில் கரையில் தங்கினர். கிழக்கிலிருந்து வடகிழக்குக் காற்றில் வந்த சீனத்துச் சரக்கையும் இங்கேதான் சந்தித்தனர். ஒரு பருவக்காற்றின் முடிவும் மற்றொன்றின் தொடக்கமும் கூடும் இடம் மலாக்கா என்பதை, 1512 முதல் 1515 வரை அங்கிருந்த தோமே பிரேஸ் தெளிவாகக் கண்டார்; அத்துறையில் 84 மொழிகள் பேசப்பட்டன என்றும் குறித்தார். துறைமுக அதிகாரிகளாகிய ஷாபந்தர் நால்வருள் ஒருவர் சோழமண்டலத்தார்க்கும் வங்காளத்தார்க்கும் பெகு, பாசாய் வணிகர்க்கும் உரியவர். தங்கியவருள் சிலர் இல்லம் அமைத்து உள்ளூர்ப் பெண்டிரை மணந்தனர். அவர்களுடைய வழியினரே மலாக்காச் செட்டிகள். வீட்டுமொழி மலாயாயிற்று, பெண்டிர் உடை சாரோங்கும் கெபாயாவும் ஆயிற்று, சமயம் மட்டும் மாறவில்லை. ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் 1781-இல் எழுந்த பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயிலும் காஜா பேராங்கில் உள்ள கம்போங் செட்டியும் அதற்குச் சான்று. காற்று மட்டுமே இச்சமூகத்தை உண்டாக்கிற்று என்பது மிகை. வாணிக ஆதாயமும் அரசரின் ஆதரவும் உடன் நின்றன. ஆனால் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லாதிருப்பின், வணிகர் வந்த வேகத்தில் திரும்பியிருப்பர்.

தோட்டத் தமிழரின் வருகையோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பினாங்குக்கு வந்த கூலித் தொழிலாளரும் பாய்க்கப்பலில்தான் வந்தனர். ஆனால் 1896-இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வணிகப் பயிராக நட்டு, பின் புக்கிட் ஆசாகானில் விரித்த காலத்தில் நீராவிக் கப்பல் வந்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாரம் அளவில் பினாங்கை அடையலாம். எந்தப் பருவமும் தடையன்று. போகவும் வரவும் கால அட்டவணை உண்டு. 1926-இல் ஓடத் தொடங்கிய ‘ரஜுலா’ கப்பலை நினைவில் வைத்திருக்கும் முதியோர் பலர். குடும்பமாக வரவும், ஊரிலிருந்து பெண் எடுக்கவும், தமிழ் ஏடுகளை வரவழைக்கவும் இயன்றது. ஆதலின் தோட்டத்தில் தமிழ் நிலைத்தது, பள்ளி எழுந்தது. பழைய செட்டிக்குத் தமிழ் மறந்ததையும் தோட்டத்தானுக்கு நிலைத்ததையும் பற்றின் குறைவு நிறைவாகப் பேசுவது நேர்மையன்று. ஒருவனைக் காற்று பிரித்தது. மற்றவனுக்கு நீராவி உறவைக் காத்துக் கொடுத்தது.

வாணிகத்தைவிட்டு அகன்ற பாய் இன்று விளையாட்டில் வாழ்கிறது. ஒருவர் பலகைமேல் நின்று கையால் பாயைப் பிடித்து ஓடும் பாய்ப்பலகை, அமெரிக்காவில் 1960-களில் உருவாயிற்று. நியூமன் டார்பி 1964-இல் பட்டம் போன்ற நாற்கோணப் பாயோடு அதனைச் செய்தார். ஹாயில் சுவைட்சர், ஜிம் டிரேக் இருவரும் 1968-இல் விண்ணப்பித்துப் பெற்ற காப்புரிமையில் பாய் முக்கோணமாயிற்று. எப்பக்கமும் சாயும் பொருத்தில் பாய்மரம் நின்றது. 1984-ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கிலும் இப்போட்டி உண்டு. சுக்கான் இல்லாத அப்பலகையில், பாயை முன்னே சாய்த்தால் முனை காற்றைவிட்டு விலகும். பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். மலாய்ப் பாயைச் சாய்த்துப் போக்கைச் சீர்செய்த மாலுமிக்கு இது புதிதாகத் தோன்றாது. பாயின் வடிவம் கெடாமல் காக்கும் குறுக்குச் சட்டங்கள் சீனப் பாயை நினைவூட்டுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பதற்கில்லை. ஒரே காற்றுக்கு ஒரே விடை கிடைத்தது, அவ்வளவே.

பொழுதுபோக்காக ஓடுபவரும் காற்றையும் தம் எடையையும் பார்த்தே பாயைத் தேர்கின்றனர். 70 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 10, 12 கடல்மைல் காற்றில் ஏறக்குறைய 7 சதுர மீட்டர் பாய் வேண்டும். காற்று 20 கடல்மைலானால் 5 சதுர மீட்டருக்குள் இறங்க வேண்டும். கற்றுக்கொள்பவருக்கு அதனினும் சிறியதே தகும். அரபு மாலுமியைப் போல இவர்களும் இரண்டு மூன்று பாய்களோடு கரைக்கு வருகின்றனர். நீரிணையின் மென்காற்றுக்குப் பெரிய பாயே முதலில் விரியும். மேற்கே கருமேகம் வரிசையாகத் திரண்டால் சிறியதைத் தேடுவதில்லை, பலகையைக் கரையேற்றிவிடுகின்றனர்.