ஒரே படல்தானா, வாத்தியாரே?

போன வாரம் பேத்தி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பள்ளியில் மூன்று நாள் மலை முகாமாம். அவள் அப்பா வெளியூரில் இருப்பதால் என் கையெழுத்து வேண்டுமாம். பேனாவை எடுத்துவிட்டேன். ஆனால் கை ஓடவில்லை. காரணத்தை அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

1980-களின் கடைசியில், ஒரு மேல்நிலைப் பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தேன். அப்போது நம் ஊர் தென்னார்க்காடு மாவட்டம். மார்கழி மாதம் பத்து நாள் முகாமுக்குக் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் பையன்களை அழைத்துப்போனேன். பாதை சீரமைப்பதும் குழி வெட்டி மரம் நடுவதும் வேலை. தங்கியது ஒரு கூரைக் கொட்டகையில். சுற்றிலும் மண்சுவர், மேலே புல் வேய்ந்த கூரை, கீழே வைக்கோல் பரப்பிய படுக்கை, வாசலுக்கு ஒரு மூங்கில் படல். குளிர் தாங்காமல் படலை இழுத்துக் கட்டிவிட்டுப் படுத்தோம்.

மூன்றாம் நாள் இரவு ஒரு பையன் எழுந்தபோது அரிக்கேன் விளக்கு காலில் தட்டிக் கவிழ்ந்தது. வைக்கோல் பற்றிக்கொண்டது. பையன்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். உள்ளிருந்து முட்ட முட்டக் கட்டு இறுகியதே தவிர, படல் திறக்கவில்லை. பக்கத்துக் களத்தில் காவலிருந்த மலையாளிப் பெரியவர் ஒருவர் ஓடிவந்து கொடுவாளால் கயிற்றை வெட்டிப் படலைப் பிடுங்கி எறிந்தார். போர்வைகளைப் போட்டு அமுக்கி நெருப்பை அணைத்தோம். தீ கூரைக்கு ஏறவில்லை. ஒரு பையனுக்குப் பாதத்தில் கொப்புளம், அவ்வளவுதான்.

எல்லாம் அடங்கியபின் அவர் கேட்டார்: "ஏன் வாத்தியாரே, இத்தனை பிள்ளைங்களுக்கு ஒரே படல்தானா?"

முகாமுக்காக நான் எழுதி வாங்கிய அனுமதிக் கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. அந்தக் கேள்வி அவற்றில் எதிலும் இல்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சட்டமே இல்லாத காலம் அல்ல அது. 1964-ல் மதுரையில் ஒரு பள்ளிக் கட்டடம் இடிந்து முப்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே, 1965-ல், பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் வந்தது. பள்ளி, விடுதி போன்ற இடங்களுக்குப் பொறியாளரின் உறுதிச் சான்றோடு தாசில்தாரிடம் உரிமம் பெற வேண்டும். பள்ளி நிர்வாகம் பார்த்தவர்களுக்கு 'படிவம் டி' என்றால் தெரியும். மதுரையில் சுவர் விழுந்ததால், சுவர் நிற்குமா என்பதே முதல் கேள்வியாகிவிட்டது.

அடுத்து வந்தது நெருப்பு. 2001 ஆகஸ்டு 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கூரைக் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் வெளியே வர முடியாமல் மாண்டார்கள். 2004 ஜனவரி 23-ல் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிக் கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் போனார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 16, கும்பகோணம். ஆடி வெள்ளிக்கிழமை. சமையல் கொட்டகையில் பிடித்த தீ மாடி வகுப்பின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்க ஒரே குறுகிய படிக்கட்டு. 94 பிள்ளைகள்.

அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என் கண்ணில் அந்த மலைக் கொட்டகைதான் நின்றது. நான் தப்பித்தவன், திறமையால் அல்ல, ஒரு பெரியவரின் கொடுவாளால்.

கும்பகோணத்துக்குப் பிறகுதான் பள்ளிகளிலிருந்து கீற்று இறங்கியது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அந்தத் துயரத்தை அடுத்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்று சொன்னது. தேசியக் கட்டட விதித்தொகுப்பைப் பள்ளிகள் பின்பற்ற வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

அந்தத் தொகுப்பில் நான் கவனித்த ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் ஒரு வகை. பலர் சேர்ந்து படுத்துறங்கும் கூடம் வேறு வகை. நியாயம்தானே? விழித்திருப்பவன் புகை வாசனை வந்ததும் எழுந்து ஓடுவான். தூங்குகிறவனுக்கு அது தெரியும்போது நேரம் கடந்திருக்கும். அப்படியானால் பகலில் பாடம் நடக்கும் அதே அறையில் இரவு நாற்பது பிள்ளைகள் பாய் விரித்துவிட்டால், கட்டடம் மாறாவிட்டாலும் ஆபத்து மாறிவிடுகிறது. பகலுக்கு வாங்கிய சான்றிதழ் இரவுக்குக் காவல் இல்லை. முகாம் என்பதன் சிக்கலே இதுதான். பத்து நாள், மூன்று நாள் என்று வந்து போவதால், அது பள்ளியா விடுதியா என்று யாரும் யோசிப்பதில்லை.

இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. 1999 ஜூன் 30 இரவு, தென்கொரியாவில் ஒரு சிறுவர் முகாம் கட்டடம் எரிந்தது. இறந்த 23 பேரில் 19 பேர் மழலைப் பள்ளிக் குழந்தைகள். தீக்குக் காரணம் கொசுவர்த்திச் சுருள் என்று சந்தேகித்தார்கள். நம்மிடமும் 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறச் சென்ற 23 பேர் இறந்தபின்தான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. எந்த விதியைப் புரட்டினாலும் அதன் பின்னால் ஒரு இழவு வீடு இருக்கிறது.

அதனால் நான் கையெழுத்துப் போடவில்லை. முகாமுக்குப் பொறுப்பான ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகள் கேட்டேன். பிள்ளைகள் படுக்கும் அறைக்கு எத்தனை வாசல்? இரவில் கதவை வெளியே பூட்டுவீர்களா? சமையல் எவ்வளவு தூரத்தில்? சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "இதுவரை யாரும் கேட்டதில்லை சார். நானே மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். அந்த வயதில் எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருக்கிறது.

பேத்திக்கு என்மேல் கொஞ்சம் கோபம். தாள் இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் வரும். கையெழுத்துப் போடுமுன் அந்தப் பெரியவரின் கேள்வியை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.