நேர்மையும் அதிகாரமும்: சீனம் புகுந்த ஓர் ஆங்கிலச் சொல்

ஒரு மொழியின் சொல்லுக்கு மற்றொரு மொழியில் நிகர்ச்சொல் காண்பது அகராதி செய்வோரின் பணி மட்டுமன்று. இரு சமுதாயங்களின் அரசியற் சிந்தனைகள் எதிர்ப்படும் களமும் அதுவேயாகும். 'றைற்' என்னும் ஆங்கிலச் சொல் சீன மொழியுட் புகுந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இச்சொல்லின் மூலப்பொருள் வளைவின்றி நேராயிருத்தல் என்பது. இலத்தீனின் 'றெக்ற்றஸ்', ஜேர்மன் மொழியின் 'றெக்ற்' என்பன அதன் இனச்சொற்கள். நேரானது என்பதிலிருந்து சரியானது, நீதியானது என்னும் பொருள்கள் கிளைத்தன. நீதிப்படி ஒருவருக்குச் சேரவேண்டியது, அதாவது உரிமை, என்னும் பொருளும் அவ்வழியே தோன்றிற்று. வலக்கையே முறையான கையெனக் கருதப்பட்டமையால் வலப்புறத்தையும் அது குறிக்கலாயிற்று. செங்கோணத்தை ஆங்கிலேயர் இச்சொல்லாலேயே சுட்டுதலில் மூலப்பொருள் இன்றும் புலனாகின்றது.

அமெரிக்க மதபோதகரான வில்லியம் மாட்டின், ஹென்றி வீற்றன் எழுதிய சருவதேசச் சட்ட நூலைச் சீனத்திற் பெயர்த்து 1864இல் வெளியிட்டார். உரிமை என்னும் பொருளுக்கு அவர் 'சுவான்' என்ற சொல்லையும், சிலவிடங்களில் 'சுவான்லி' என்ற தொடரையும் ஆண்டார். 'சுவான்' நிறைகோலின் எடைக்கல்லைக் குறித்துப் பின்னர் அதிகாரத்தைக் குறித்த சொல். 'லி' என்பது இலாபம். நூல் அரசுகளின் உரிமைகளைப் பற்றியதாதலின், அதிகாரத்தைச் சுட்டுஞ் சொல் ஆங்குப் பொருந்தியது எனலாம். அதே ஆண்டிற் சீனக் கடலில் டென்மார்க்கின் கப்பல்களைப் பிரசியர் கைப்பற்றியபோது, சீன அரசு இந்நூலின் நெறிகளை எடுத்துக்காட்டியே அவற்றை விடுவித்தது.

எனினும் தனிமனிதரின் உரிமையைப் பேசுமிடத்து இடர்ப்பாடு எழுந்தது. அதிகாரமும் இலாபமும் சான்றோரை அசைக்கமாட்டா எனப் பண்டைய மெய்யியலாளரான சுன்சி கூறியபோது பயன்படுத்திய தொடரும் 'சுவான்லி' என்பதே. அறவோர் விலக்கவேண்டியதெனக் கருதப்பட்ட ஒன்று, மக்கள் கோரவேண்டியதொன்றன் பெயராயிற்று. மாட்டினும் இதனை உணர்ந்திருந்தார். ஆள்வோரின் அதிகாரத்தை மட்டுமன்றி, எளிய மக்களுக்கு நியாயப்படி உரிய பங்கினையும் இச்சொல் குறிக்குமெனப் பின்னர் வெளியிட்ட மற்றொரு சட்டநூலின் முன்குறிப்பில் அவர் விளக்கினார்.

இக்குறையை ஆழ்ந்து நோக்கியவர் மொழிபெயர்ப்பறிஞர் யென் பூ (1854-1921). 1902இல் லியாங் சிசாவோவுக்கு எழுதிய மடலில், 'நேர்' எனப் பொருள்படும் 'சி' என்ற சொல்லே தக்கதென அவர் வாதித்தார். சீனரும் செங்கோணத்தை 'நேர்க்கோணம்' என்றே வழங்குதலை அவர் சுட்டிக்காட்டினார். சொல்லின் வேரை அவர் சரியாகவே கண்டார். ஆயினும் அவர் பரிந்துரைத்த சொல் நிலைக்கவில்லை. 'சுவான்லி' ஏற்கெனவே சீனத்திலும், 'கென்றி' என்ற ஒலிப்புடன் யப்பானிலும் வேரூன்றிவிட்டது.

1915இல் சென் தூசியு விஞ்ஞானத்தையும் மனித உரிமையையும் இளைஞர் முன் இணைத்து வைத்தபோது, அவர் கையாண்ட சொல்லும் 'சுவான்' என்பதை உட்கொண்டதே. எடைக்கல்லிற் பிறந்து அதிகாரத்தைக் குறித்த சொல், அதிகாரத்தின் முன் எளியோர் நின்று பேசுதற்குரிய சொல்லாயிற்று. சொல்லின் பிறப்பை அதன் வேர் காட்டும். ஆனால் அதன் பொருளை நிறைவு செய்வோர் அதனை எடுத்தாளும் மக்களே என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும் உண்மையாகும்.